மேடத்தின் பின்னங்கால்

கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, விறகுவண்டிக்காரர் முதலில் தன் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொள்கிறார். பஞ்சு, அதன் மேல் மெல்லிய துணி, அதன் மேல் நீளப் பட்டைத்துணி. எழுந்து நாலு எட்டு நடக்கிறார். ஓரத்தில் விரலை விட்டுப் பார்க்கிறார். "இறுக்கலை," என்று சொல்லிவிட்டுத்தான் குதிரைப் பக்கம் திரும்புகிறார். காயம் குதிரைக்கு. அவர் காலில் ஒரு கீறல்கூட இல்லை.

அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தச் சுவரில்தான் அவருடைய கொட்டகை சாய்ந்திருக்கிறது. அங்கே குதிரை தும்மினால் இங்கே தொட்டிலில் என் பேரன் கண் திறப்பான். திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிடுவான். அவ்வளவு நல்ல பிள்ளை. ஒரே சுவர் என்பதால் அந்தப் பக்கம் நடப்பதில் எனக்குத் தெரியாதது குறைவு.

எதையும் தானே அனுபவித்துப் பார்க்காமல் குதிரைக்குச் செய்யமாட்டார். தவிட்டுக் கஞ்சியை முதலில் ஒரு வாய் குடித்து, "உப்பு பத்தலை" என்பார். மனைவி வைத்த குழம்புக்கு இதுவரை அப்படி ஒரு கருத்தும் சொன்னதில்லை. மனைவியை "நீ" என்பார், மச்சானை "டேய்" என்பார், குதிரையை "நீங்க" என்பார். அதன் பெயர் மேடம். தெருவில் வண்டி வந்தால், "மேடம் வர்றாங்க, ஒதுங்கு," என்று குரல் முதலில் வரும். மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவர் பின்னால் வருவார்.

இந்தக் குளிர்காலத்தில் மழை விட்டபாடில்லை. விறகுக் கடைக்குப் பின்னால் சேற்றில் புதைந்து கிடந்த வேலிக்கம்பி மேடத்தின் வலது பின்னங்காலைக் கிழித்துவிட்டது. கால்நடை டாக்டரம்மா வந்து ஊசி போட்டு, கட்டும் போட்டுவிட்டு, "நனைய விடாதீங்க ஐயா," என்று சொல்லிப் போனார். விறகுவண்டிக்காரரும் நனைய விடவில்லை. கட்டுக்கு மேல் பெரிய பிளாஸ்டிக் பையைச் சுற்றி, மேலும் கீழும் கயிறு போட்டுக் கட்டினார். கட்டின் அழகைப் பார்க்க எங்களையும் கூப்பிட்டார்.

மறுபடி வந்த டாக்டரம்மா அழகைப் பார்க்கவில்லை.

"இந்தப் பை யார் கட்டினது?"

"நான்தான். கீழ ஒரே சேறு."

"மேல இருந்து கால் வழியா இறங்குற தண்ணி எங்க போகும்?"

அவர் யோசித்தார். "பைக்குள்ள."

"அப்புறம்?"

"அங்கயேதான் இருக்கும்."

"வேர்வையும் கூடச் சேரும். புண்ணு ஊறிப்போய் கெடக்கு. வாடை வரலையா உங்களுக்கு?"

"எனக்குச் சளி."

"எல்லாத்தையும் உங்க கால்ல கட்டிப் பாப்பீங்களாமே. இத மட்டும் ஏன் பாக்கல?"

"பைதானே, அதுல என்ன இருக்குன்னு விட்டுட்டேன்."

டாக்டரம்மா புண்ணைக் கழுவிவிட்டு நிமிர்ந்தார். சதை இப்படியே புடைத்து வளர்ந்தால் மேலே தோல் மூடாது, கால் தேறாது, வண்டி இழுக்கும் பேச்சே கிடையாது என்றார். வருகிற வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டு முடிவாகச் சொல்வதாகச் சொன்னார்.

குதிரையில் மச்சானுக்குப் பாதிப் பங்கு. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "அப்ப வெள்ளிக்கிழமை அந்த ஆளையும் வரச் சொல்லிடவா மாமா?"

"எந்த ஆளை?"

"வாங்குற ஆளை."

"எதுக்கு வாங்குறானாம்?"

"அதையெல்லாம் நாம கேக்கக்கூடாது மாமா."

அந்த ஆளின் லாரி குதிரைகளோடு போகும், காலியாகத் திரும்பும். குதிரைவண்டி ஓட்டும் தொழில் அவனுக்கு இல்லை.

அடுத்த நாள் விறகுவண்டிக்காரர் தன் காலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். குதிரை படுத்துவிட்டதால் தள்ளுவண்டியில் விறகை ஏற்றி, ரொட்டிக்கடைக்கு அவரே இழுக்கிறார். சாயங்காலம் வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்து பையை அவிழ்த்தார். உள்ளே கால் வெளுத்துச் சுருங்கி, நாளெல்லாம் துணி துவைத்த கை மாதிரி இருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ நாளும் மேடம் ஒரு வார்த்தை சொல்லலியே அண்ணே," என்றார் என்னிடம்.

"சொல்லியிருப்பா. உங்க காதுல விழணுமே," என்றார் அவர் மனைவி உள்ளேயிருந்து.

அன்றே கொட்டகையை ஆராய்ந்தார். கூரை ஒழுகியது, தரை ஊறியிருந்தது. அந்த வீட்டில் காய்ந்த தரை முன்னறையில் மட்டும்தான். கதவைக் கீலோடு கழற்றி வைத்தார். தச்சுப்பட்டறையிலிருந்து மரச்சீவலைச் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து தரையில் கொட்டினார்.

"உள்ள யார் வர்றது?" என்றார் மனைவி.

"மேடம்."

"அப்ப நான்?"

"சமையல்கட்டு இருக்குல்ல."

"நீங்க?"

"கொட்டகை."

மனைவி கொஞ்சம் யோசித்தார். "அது சரியாத்தான் இருக்கு."

அதன் பிறகு அக்காவைப் பார்க்க வந்த மச்சானுக்கு வாசலிலேயே உத்தரவு கிடைத்தது. "காலைத் துடைச்சுட்டு உள்ள போடா. மேடம் இருக்காங்க." மச்சான் துடைத்தான். மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

உப்புப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை ஆறவிட்டுப் புண்ணைக் கழுவுகிறார். சூடு சரியா என்று முழங்கையை விட்டுப் பார்க்கிறார். இந்தப் பக்கம் என் மகளும் பேரனைக் குளிப்பாட்டும் முன் முழங்கையைத்தான் விடுகிறாள். கழுவியதும் ஒற்றி எடுத்து, காற்றாட விட்டு, அப்புறம்தான் கட்டு. கடைசியில் புறங்கையைக் காலில் வைத்துச் சூடு பார்ப்பார். முதலில் நல்ல கால், பிறகு காயக்கால், பிறகு தன் கால்.

துவைத்த கட்டுத்துணி காய்வதுதான் பெரிய பாடு. கொடியில் போட்டால் போட்டதைவிட ஈரமாகத் திரும்பி வருகிறது. ரொட்டிக்கடை அடுப்புக்கு மேலே ஒரு கம்பி உண்டு. விறகு இறக்கப் போகும்போது துணியை அதில் போட்டுவிட்டு, திரும்பும்போது எடுத்துவருவார். "உங்க பேரன் துணியையும் குடுங்கண்ணே, இடம் இருக்கு," என்றார். கொடுத்தோம். இப்போது குதிரையின் காலும் என் பேரனும் ஒரே மாதிரி ரொட்டி வாசனை அடிக்கிறார்கள். பேரனை நான் கொஞ்சம் அடிக்கடி முகர்ந்து பார்க்கிறேன்.

வெள்ளிக்கிழமை தூறல். டாக்டரம்மா பெட்டியோடு வந்தார். மச்சான் குடையோடு வந்தான். குடைக்குள் அவனோடு அந்த ஆள், அந்த ஆளின் கையில் கயிறு. விறகுவண்டிக்காரர் கயிற்றை ஒருதரம் பார்த்துவிட்டு, மேடத்தின் பிடரி மயிரை வாரிவிட்டார்.

"கொஞ்சம் நடத்திக் காட்டுங்க ஐயா."

ரொட்டிக்கடை முனை வரை நடத்திப்போய்த் திரும்பினார். டாக்டரம்மா குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு நொண்டுறது?"

"குதிரை இல்ல," என்றார் மனைவி.

"அது வேற, டாக்டரம்மா. தள்ளுவண்டி இழுத்தது," என்றார் அவர்.

டாக்டரம்மா உட்கார்ந்து கட்டைப் பிரித்தார். விறகுவண்டிக்காரர் மேடத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மா விரலால் அழுத்தினார், மோந்து பார்த்தார். சதை அடங்கியிருந்தது. ஓரத்தில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக உள்ளே நகர்ந்து வந்திருந்தது.

"தேறிடுச்சு. கொஞ்ச நாள் பொறுத்து வண்டியில பூட்டலாம். இனிமே கட்டு வேண்டாம், காத்துப் படட்டும். தரை மட்டும் காய்ஞ்சிருக்கணும்."

அந்த ஆள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு தூறலிலேயே நடந்தான். மச்சான் குடையை மடக்கினான், ஏன் மடக்கினோம் என்று பார்த்துவிட்டு மறுபடி விரித்தான்.

விறகுவண்டிக்காரர் டாக்டரம்மாவின் கையிலிருந்து கட்டுத்துணியை வாங்கி, மேடத்தின் காலில் பழையபடியே சுற்றி முடிந்தார்.

"ஐயா, கட்டு வேண்டாம்னுதானே சொன்னேன்?"

"கேட்டுச்சு."

வாசற்படியில் உட்கார்ந்தார். கால்சட்டையைச் சுருட்டித் காலையில் தனக்குப் போட்டுக்கொண்ட கட்டை அவிழ்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எழுந்து, திறந்த காலோடு தெருவில் நடந்தார். ரொட்டிக்கடை முனை வரை போனார். அங்கே சற்று நின்றார். நாங்கள் எல்லோரும், டாக்டரம்மா உள்பட, நனைந்துகொண்டு காத்திருந்தோம். திரும்பி வந்தவர் குனிந்து தன் காலில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "ம்," என்றார்.

பிறகு மேடத்தின் பக்கத்தில் மண்டியிட்டு, கட்டின் முடிச்சைத் தேடினார்.