குளியலறைச் சுவரில் ஒரு புது ஓட்டை

மகள் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்த வாரமே குளியலறையில் வழுக்கினாள். விழவில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். சத்தம் கேட்டு நான் ஓடியபோது ஒரு கை குழாயிலும் ஒரு கை வயிற்றிலுமாக நின்றவள், "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல" என்றாள். அவளைக் கூட்டிவந்து கட்டிலில் உட்காரவைத்தேன். அவளுடைய முதல் கர்ப்பம் நாலாம் மாதத்தில் கலைந்துபோனது. இது எட்டாம் மாதம்.

எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. எத்தனை தேய்த்தாலும் தரையில் வழவழப்பு வந்துவிடும். சுவரில் ஒரு கைப்பிடி போடுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். சாதாரண வேலைதான். ஓட்டை போட்டு, பிளாஸ்டிக் பிளக்கைச் செருகி, ஸ்க்ரூவை முடுக்கினால் முடிந்தது. டிரில் மெஷின் வீட்டிலேயே இருக்கிறது. என் கணவர் ஓய்வுபெற்றதும் ஆசையாக வாங்கியது. நானும் ஓட்டுவேன்.

ஆனால் கர்ப்பிணி இருக்கிற வீட்டில் நாங்கள் சுவரில் ஆணிகூட அடிப்பதில்லை. வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். என்ன ஆகும் என்று யாரும் விளக்கியதில்லை. விளக்காததாலேயே நினைப்பு எங்கெங்கோ போகும். நான் பள்ளியில் அறிவியல் பாடம் எடுக்கிறவள். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. பயம் மட்டும் இருந்தது, நிறையவே.

என் கணவர் ஒரு வழி கண்டுபிடித்தார். "புது ஓட்டை போட்டாத்தானே தப்பு? துண்டு போடுற கம்பியக் கழட்டிட்டு அந்த ஓட்டையிலயே மாட்டிடலாம்." கம்பியைக் கழற்றி, அதன் ஓட்டைகளை ஓர் அட்டையில் குறித்துக்கொண்டார். குடவாசலில் ஹார்டுவேர் கடைக்குப் போனோம். ஊரில் எல்லோரும் கைப்பிடி வாங்கிவிட்டு அதற்கு ஓட்டை போடுவார்கள். நாங்கள் பழைய ஓட்டைக்குப் பொருத்தமாகக் கைப்பிடி தேடினோம், பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவதுபோல.

கடைக்காரர் அட்டையைப் பார்த்தார். "இது ஆறு எம்.எம். ஓட்டைங்க. துண்டு தொங்கறதுக்கு சரி. ஆள் புடிக்கறதுன்னா எட்டு எம்.எம். பிளக்கு, ரெண்டு இஞ்சு ஸ்க்ரூ போடுங்க. டைல்ஸுக்கு ஒரு பிட்டு, உள்ள செங்கல்லுக்கு ஒரு பிட்டு."

"புதுசா ஓட்டை போட முடியாதுங்க. பொண்ணு மாசமா இருக்கு" என்றார் இவர்.

கடைக்காரருக்குப் புரிந்தது. அவரும் இந்த ஊர்க்காரர்தானே. அட்டைக்குப் பொருந்துகிற கைப்பிடி ஒன்றை எடுத்து வைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று அவர் சொன்ன டிரில் பிட்டுகள், பிளக்குகள், ஸ்க்ரூக்களை நான் வாங்கிக்கொண்டேன். இவர் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்டார்.

மறுநாள் காலையில் மாட்டினார். பழைய பிளக் தளர்ந்திருந்தது. சுற்றிலும் தீக்குச்சிகளை உடைத்துச் செருகி, கொஞ்சம் தடித்த ஸ்க்ரூவாகப் பார்த்து முடுக்கினார். தட்டிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். "மாடு கட்டலாம்" என்றார். மகள் துண்டும் சோப்பும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இரு" என்று அவளை நிறுத்திவிட்டு நான் உள்ளே போனேன். வழுக்கினால் எப்படித் தொங்குவோமோ அப்படி, கைப்பிடியைப் பிடித்து உடம்பை முழுக்க விட்டேன். முதல் இழுப்புக்கு நின்றது. இரண்டாவதற்கு ஒரு முனை கையோடு வந்தது. பின்னாலேயே செங்கல் பொடியும் தீக்குச்சித் துண்டுகளும் கொட்டின. வாளியில் இடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அடி பெரிதில்லை. ஆனால் அதே இடத்தில் அவள் விழுந்துகிடப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டதுபோல் இருந்தது. சட்டென்று எழுந்திருக்க முடியவில்லை.

இவர் முகம் வெளுத்துவிட்டது. "குழந்தை பொறக்கற வரைக்கும் வெளிய குளிக்கத் தண்ணி வச்சுக் குடுத்துடலாம்" என்றார்.

மகள் வயிற்றோடு கொல்லைப்படி இறங்கி ஏறுவதை நினைத்தேன். எட்டு எம்.எம். பிட்டுகளை எடுத்துவந்தேன். கை மெஷினுக்குப் போக மறுத்தது. போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம். ஏதாவது ஆகிவிட்டால் காலம் முழுக்க அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பேன்? "நீ பக்கத்து வீட்டுல போயி உக்காரு" என்றேன் மகளிடம்.

அவள் நகரவில்லை. "போன தடவ யாரும் எந்தச் சுவத்தையும் தொடலம்மா" என்றாள்.

அந்த முதல் கர்ப்பத்தைப் பற்றி அவள் அதுவரை எங்களிடம் வாயைத் திறந்ததே இல்லை. மெஷினை எடுத்தேன்.

தண்ணீர்க் குழாய் போகிற வழியை விட்டு ஒரு சாண் தள்ளி, பிட் வழுக்காமல் இருக்க டைல்ஸில் செல்லோடேப் ஒட்டிக் குறி போட்டேன். டைல்ஸ் விரிசல் விடாதபடி, மெஷினில் இடித்துத் துளைக்கிற ஹாமர் விசையை அணைத்து மெதுவாக ஓட்டினேன். பிறகு செங்கல்லுக்கான பிட்டை மாற்றி ஹாமரைப் போட்டதும் வீடே அதிர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். மெஷினை நிறுத்திய பிறகும் காதில் சத்தம் நிற்கவில்லை.

திரும்பினேன். மகள் கதவில் சாய்ந்து, இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக் குனிந்திருந்தாள். "காலையிலேருந்து ஆடிக்கிட்டே இருந்துச்சு. இப்ப அசையலம்மா."

பொடி படிந்த கையை அப்படியே அவள் வயிற்றில் வைத்தேன். ஒன்றுமில்லை. இடம் மாற்றி வைத்தேன். அங்கும் இல்லை. இவர் நிலைப்படியில் நின்று எங்கள் முகத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் நடத்திய பாடம் எதுவும் அப்போது துணைக்கு வரவில்லை. வேண்டாத தெய்வமில்லை.

பிறகு உதைத்தது. என் உள்ளங்கையில், நல்ல பலமாக. மகள் நின்ற இடத்திலேயே அழுதாள். நானும் அழுதேன்.

இவர் எங்களைத் தாண்டி உள்ளே போனார். செல்லோடேப்பைக் கிழித்துச் சுவரில் ஒட்டி, அடுத்த ஓட்டைக்குக் குறி போட்டார்.