பாதியில் நின்ற பேய்

எட்டு நாளைக்கு முன்னர், ஒரு சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி. கொக்குவிலில் எங்கள் வாசிகசாலையில் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கப் பாய் விரித்துவிட்டுக் காத்திருந்தேன். மூன்றேகால்... மூன்றரை... ஒரு பிள்ளைகூட வரவில்லை! வாசலுக்கும் பாய்க்குமாக எத்தனை தரம் நடந்திருப்பேன்?

குற்றம் என்னுடையதுதான். மாரி தொடங்கினால் பிள்ளைகளுக்கு விளையாட்டு இல்லை. மழைக்குத் தோதாக ஒரு பேய்க்கதை வாசித்தால் என்ன என்று அதற்கு முந்திய சனிக்கிழமை எனக்குத்தான் புத்தி போனது. அதுவும் சும்மா வாசிப்பல்ல — கோயிலில் புராணம் படிக்கிற மாதிரி! நான் ஒரு வசனம் வாசிப்பேன். ஒன்பது வயதுப் பரமேசு சம்மணம் கொட்டி இருந்து பயன் சொல்லுவாள், பேச்சுத் தமிழில் பொருள் விரிப்பாள்.

'பாழ்மண்டபம் ஒன்றில் ஒரு பேய் இருந்தது' என்று வாசித்தேன். பரமேசு தொண்டையைச் செருமினாள்.

"அதாவது, எங்கடை வாசிகசாலைக்குப் பின்னாலை இடிஞ்ச மடம் கிடக்கெல்லோ, அங்கை ஒரு பேய் இருக்கு."

நான் என்ன செய்தேன்? கை தட்டினேன்! அந்த நேரம் பார்த்து மழை இறுகியது. தாய்மார் குடையோடு வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கதை பாதியில் நின்றது.

அதன் பலன்தான் இந்த வெறும் பாய். எங்கள் வாசிகசாலைக் காரியதரிசியும் அதைப் பார்த்துவிட்டார்.

"மாஸ்டர், பிள்ளையள் வராட்டில் உந்தப் புத்தக அலுமாரி என்னத்துக்கு? சண்டைச் செய்திப் பேப்பரெல்லாம் நிலத்திலை குவிஞ்சு கிடக்கு. அதுகளை உதுக்குள்ளை அடுக்குவம். கதைப் புத்தகங்களைச் சாக்கிலை கட்டி மூலையிலை போடுங்கோ."

 நான் வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்த புத்தகங்கள். மாரி ஈரத்தில் சாக்குக்குள் கிடந்தால் மிஞ்சுமா? "அடுத்த சனி வரைக்கும் பொறுங்கோ" என்று கெஞ்சினேன்.

இருப்புக் கொள்ளவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போனேன். "உங்கடை கதையாலை பிள்ளை கிணத்தடிக்கும் தனியப் போகுதில்லை!" என்று போன இடமெல்லாம் ஏச்சு. கடைசியில் பரமேசு தன் வீட்டுப் படலை வாசலில் என்னை மறித்தாள்.

"மாஸ்டர், நீங்கள் கதையை முடிக்கேல்லை. முடிக்காட்டில் பேய் அங்கைதானே நிக்கும்?"

பெரியவர்கள் நாங்கள் பயத்தை மறக்கச் சொல்கிறோம். பிள்ளைகளோ அதை முடித்துத் தரச் சொல்கிறார்கள்! முடிவு வாசிப்பேன் என்று திரும்பவும் எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்றுப் பின்னேரம் பரமேசு முன்னுக்கு நடக்க, மற்றவர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி வந்தார்கள். தாய்மார் வாசலில் நின்றார்கள். காரியதரிசி கதிரையில் இருந்தார்.  ஒருவாறு கடைசி வசனத்துக்கு வந்தேன்: 'பேய் மண்டபத்தை விட்டு நீங்கியது.'

பரமேசு நிமிர்ந்து இருந்தாள்.

"அதாவது, பேய் மடத்தை விட்டிட்டு எங்கடை அலுமாரிக்குள்ளை வந்திட்டுது. புத்தகம் எடுக்கிற பிள்ளையளை ஒண்டும் செய்யாது. அலுமாரியிலை வேறை சாமான் அடுக்கிற ஆக்களைத்தான்..."

அந்த வசனத்தை மட்டும் அவள் முடிக்கவில்லை. காரியதரிசியைப் பார்த்தாள்.

பிள்ளைகள் ஓடிப்போய் அலுமாரியை மொய்த்துக்கொண்டார்கள். பேப்பர் கட்டுகள் இன்னும் நிலத்தில்தான் கிடக்கின்றன. அடுக்குவதற்கு ஆள் பார்த்து வருகிறேன் என்று போன காரியதரிசியை இன்னும் காணோம்.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன் — காலையில் அலுமாரியில் தூசி தட்டப் போனேன்... எனக்கும் கை வரவில்லை!