திருப்பி மாட்டிய ஐசி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால், "எங்கியாச்சும் எர்த் லூசா இருக்கும், பாருங்க" என்று சொல்கிற ஆள் நான். நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நாமக்கல்லில் போர் போடுகிற ரிக் வண்டிகளுக்கு வயரிங் பார்ப்பது என் பிழைப்பு. ஞாயிறானால் வீட்டு ஆம்ப்ளிஃபையர்களைப் பிரித்து ஆப்-ஆம்ப் ஐசி மாற்றுகிற பைத்தியம். எட்டுக் கால் வைத்த, விரல் நகத்தளவுச் சில்லு. சத்தத்தின் ருசியே அதில்தான் என்பது என் கட்சி. ஒரு மத்தியானம் நாமகிரிப்பேட்டை மாரியப்பன், மகள் கவிதாவோடு வந்தார். கையில் பழைய ஆம்ப்ளிஃபையர், டேப் டெக், ஒரே ஒரு கேசட். அவர் மனைவி கல்யாணமான புதிதில் ஏதோ விசேஷத்தில் பாடியதாம். கவிதா பிறந்த இருபதாம் நாளே அந்தம்மா போய்விட்டார். கேசட்டைப் போட்டால் வெறும் இரைச்சல்.

"அம்மா கொரல ஒருக்காக் கேட்டாப் போதுங்ணா" என்றாள் கவிதா.

இரைச்சல் குறைந்த ஐசி ஒன்றை மாட்டி சுவிட்சைப் போட்டேன். இரைச்சல் நின்றது. பக்கத்தில் நின்று கேட்பது போல ஒரு பெண் குரல்: "கவிதா, சாப்டயா சாமி?"

"சாப்டேன்மா" என்றாள் இவள், தன்னையறியாமல். பிறகு அழுதாள். மாரியப்பன் அழாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சூடேறுகிறதா என்று வழக்கம்போல ஐசியைத் தொட்டுப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. சந்தேகம் வந்து, பழையதைக் கழற்றும் முன் போனில் எடுத்த போட்டோவைப் பார்த்தால், திருப்பி மாட்டியிருக்கிறேன்! அசெம்பிள் செய்த புண்ணியவான் சாக்கெட்டையே தலைகீழாகப் பற்றவைத்திருக்கிறார். நான் சாக்கெட்டின் அடையாளப் பள்ளத்தை நம்பி ஏமாந்திருக்கிறேன். நம்பினால் நம்புங்கள், அப்படி மாட்டினால் ஒரு நொடியில் புகைந்துவிடும், பாடவே பாடாது.

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அணைத்துவிட்டு ஐசியைச் சரியாக மாட்டினேன். பழைய இரைச்சல்தான் வந்தது.

"முன்னாடி இருந்தாப்லயே மாட்டுங்ணா" என்று கெஞ்சினாள். மாட்டினேன், புகை வந்தது. கைவசம் இருந்த இன்னும் இரண்டும் அப்படியே போயின. அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அவளை வண்டியில் உட்காரவைத்துவிட்டு மாரியப்பன் மட்டும் திரும்பி வந்தார்.

"ஏனுங்க, நீங்களுங் கேட்டீங்கல்ல?"

"கேட்டேனுங்க."

"அவ சாகறப்பப் புள்ளைக்குப் பேரே வெக்கலீங்க. கவிதான்னு எங்கக்கா வெச்சது, ரெண்டு மாசங் கழிச்சு."

மகளிடம் இதை அவர் இன்றுவரை சொல்லவில்லை. அவள் இப்போதும் போன் செய்து, "வேற ஐசி வந்துருக்குதுங்களாண்ணா?" என்று கேட்கிறாள். வரவில்லை என்கிறேன். வாங்கி வைத்த ஒன்று டிராயரில் கிடக்கிறது, மாட்டத்தான் கை வரமாட்டேன் என்கிறது.