மங்களம் பிடித்த வெளிச்சம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். திருமயத்துப் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார், அதற்கு மேல் கேட்கவா வேண்டும்? நீங்களும் உள்ளுக்குள் சிரிப்பீர்கள், சிரியுங்கள், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் சமஸ்தானத்து ராஜா ஆட்சி முடிந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். காட்டுப்பூக்களைப் படம் பிடித்து, என்ன செடி என்று கண்டுபிடிக்கிற பைத்தியம் அப்போது எனக்கு. ஸ்டாண்டில் நிற்கிற பழைய கண்ணாடிப் பிளேட் கேமரா, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுத்தான் பார்க்க வேண்டும். காலை வெயிலில் பூவின் ஒரு பக்கம் பளிச்சென்று இருக்கும், மறுபக்கம் இருட்டு. அந்த இருட்டுப் பக்கம் என் மனைவி மங்களம் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிப்பாள், வெயில் அதில் பட்டுத் திரும்பிப் பூவுக்குள் விழும். வளையல் குலுங்கினால் கை ஆடுகிறது என்று நான் கத்துவேன், அதனால் முதலிலேயே வளையலையெல்லாம் முழங்கைக்கு ஏற்றிக்கொள்வாள். லென்ஸை மூடியதும் "ஆச்சாங்க?" என்று கையை இறக்குவாள், வளையல்கள் கலகலவென்று மணிக்கட்டுக்கு இறங்கும்.

ஓர் ஐப்பசி மழைக்குப் பிறகு, ஊருக்கு வெளியே பாறைக்காட்டில் அந்தக் கொடியை அவள்தான் கண்டுபிடித்தாள். இதழ் நுனிகள் ஒன்றுசேர்ந்து சின்னக் கூண்டு மாதிரி ஒரு பூ. அன்று காற்று விடவில்லை, படம் கலங்கிவிட்டது. திருச்சிக் காலேஜில் எனக்குத் தெரிந்த தாவரவியல் புரொபசர், பூவின் உள்பக்கம் தெரியாமல் பெயர் சொல்ல முடியாது என்றார். பறிக்கவோ மங்களம் விடவில்லை.

"இருக்கிறதே ஒரு கொடி, அதையும் புடுங்கணுமா? அடுத்த மழைக்கு எடுத்துக்கலாம்ங்க. ஆனா பேரு என்னன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றாள்.

அடுத்த மழைக்கு அவள் இல்லை. காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கடைசி நாட்களில்கூட "அந்தப் பூவுக்குப் பேரு கெடச்சுச்சாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பாடையில் விரிக்க வெள்ளைத் துணி கேட்டபோது என் அக்கா அலமாரியில் கைக்குக் கிடைத்ததை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அது நாங்கள் காட்டுக்குக் கொண்டுபோகிற வேட்டி என்று எனக்கு உறைத்தபோது தீ மூட்டியாகிவிட்டது.

மறுபடி ஐப்பசி வந்தது. தனியாகப் போனேன். துணி எதுவும் கொண்டுபோகவில்லை, பிடிக்க ஆள் ஏது? கொடி பூத்திருந்தது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால், பயந்தபடியே பூவுக்குள் ஒரே இருட்டு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் கேட்டது ஒரே ஒரு பெயர், அதைக்கூட என்னால் வாங்கிக் கொடுக்க முடியவில்லையே என்று.

அப்போதுதான் இடப்பக்கத்தில் வளையல் மேலே ஏறுகிற சத்தம் கேட்டது. நம்பினால் நம்புங்கள், கேமராவின் கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்த பூவுக்குள் மெல்ல வெளிச்சம் பரவியது, காற்றும் நின்றுவிட்டது. தலையை வெளியே எடுத்துப் பார்த்தேன். பாறையும் கள்ளியும்தான் இருந்தன. உடம்பெல்லாம் புல்லரித்துப்போயிருந்தது, ஆனாலும் கை பழக்கத்தில் பிளேட்டைச் செருகிப் படத்தை எடுத்தது. லென்ஸை மூடிவிட்டுச் சற்று நேரம் அப்படியே நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் சாமான்களைச் சுருட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர்ந்தேன்.

திருச்சிக்குப் படத்தைக் கொண்டுபோனபோது புரொபசர் அதை ஜன்னல் பக்கம் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"உள்ள இருக்கிற ரோமம்கூடத் தெரியுதே! இது செரோபீஜியா, சந்தேகமே இல்ல" என்றவர், "வெள்ளைத் துணி புடிச்சது யாரு சார்? கை கொஞ்சம்கூட ஆடலையே!" என்று கேட்டார்.

"எங்க வீட்டுலதான்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் படத்துக்கு முன்னால் நின்று அந்தப் பெயரை உரக்கச் சொன்னேன். அத்தோடு மனசு ஆறியிருக்க வேண்டும், ஆறவில்லை. லென்ஸை மூடியாகிவிட்டது, பெயரையும் சொல்லியாகிவிட்டது. அன்றைக்கு மேலே ஏறிய அந்த வளையல்கள் கீழே இறங்குகிற சத்தம் மட்டும் இன்றுவரை எனக்குக் கேட்கவில்லை.