பரீனா மாமியின் இருபத்தொரு பேக்கும் என் பென்சில் கொப்பியும்

பரீனா மாமி மவுத்தாகிவிட்டார். நேற்றுக் காலை. லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கமும் முடிந்துவிட்டது.

புதன்கிழமை பின்னேரம்கூட என்னோடு சண்டை பிடித்தவர்...

இன்பொக்ஸில் கேட்கிற எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்கிறேன். ஓம், அந்தப் பட்டியல் என்னிடம்தான் இருக்கிறது. இல்லை, அதில் யாருடைய பெயரும் இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் எழுதப்போகிறேன். தயவுசெய்து முழுவதையும் வாசித்துவிட்டு கொமெண்ட் போடுங்கள்.

தெரியாதவர்களுக்கு... மாமி எங்கள் பக்கத்து வீடு. துறைமுகத்துக்குப் போகிற வீதி. குவைத்தில் ஒரு வீட்டில் பதினாறு வருடம் வேலை செய்தவர். அந்த வீட்டு மேடம் ஒரு பெருநாளுக்குக் கொடுத்த கறுப்புத் தோல் ஹேண்ட்பேக்தான் முதலாவது. பிறகு ஒவ்வொரு லீவுக்கும் ஒன்று.

ஊரோடு வந்த பிறகு, கிண்ணியாவில் பழைய வெளிநாட்டு உடுப்பு விற்கிற கடைகளில் மூட்டை பிரிக்கிற நாளெல்லாம் மாமி அங்கே நிற்பார். எல்லாம் பிரெஞ்சு, இத்தாலிப் பெயர் போட்ட டிசைனர் பேக். சிப்பை இழுத்துப் பார்ப்பார், உள்துணியைப் புரட்டுவார், தையலை எண்ணுவார், கடைசியாக மணந்து பார்ப்பார். பத்தில் ஒன்பதைத் திருப்பி எறிவார்.

அலுமாரியில் இடம் இருபத்தொன்றுக்குத்தான். ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். அது சட்டம். ஒருமுறை அழகான சிவப்பு பேக் ஒன்றை ஒரு கிழமை வைத்துப் பார்த்துவிட்டு யாருக்கோ கொடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"தனிய நிண்டா வடிவுதான் மகள். மத்ததுகளோட நிண்டா சண்டைக்கு நிக்கிது."

இவ்வளவும் வைத்துக்கொண்டு சந்தைக்கு எதைக் கொண்டு போவார் தெரியுமா? பொலித்தீன் சொப்பிங் பேக். அதையும் கழுவிக் காயப்போட்டு ஐந்து தடவை பாவிப்பார்.

எங்கள் உப்புக்காற்றுக்குத் தோலில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே சனிக்கிழமைகளில் இருபத்தொன்றையும் இறக்கி, துடைத்து, நிழலில் காற்றாட வைத்து, வடிவம் குலையாமல் உள்ளே கடதாசி அடைக்க வேண்டும். வேலை யாருக்கு? எனக்கு. கடதாசி யாருடையது? அதுவும் என்னுடையது. என் தரம் ஒன்பது வரலாற்றுக் கொப்பி முழுவதும் இப்போது அந்தப் பேக்குகளின் வயிற்றுக்குள் கிடக்கிறது.

"அது முடிஞ்ச வரலாறுதானே புள்ள" என்றார்.

பட்டியலும் என் தலையில்தான் விழுந்தது. என் கையெழுத்து நல்லதாம். இலக்கம், நிறம், எங்கே கிடைத்தது... கடைசி நிரலில் "யாருக்கு". தான் மவுத்தான பிறகு எந்த பேக் யாருக்குப் போக வேண்டும் என்று.

பேனையை எடுத்தேன். கையைப் பிடித்துவிட்டார்.

"பேனை வாணாம் மகள். பேனையால எழுதினா இப்பவே மவுத்தான மாதிரி இரிக்கும். பென்சிலால எழுதுங்க."

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மதிலுக்கு மேலால் குரல் வரும். "மகள், கொப்பிய எடுத்துக்கிட்டு வாங்க!"

ஏழாம் இலக்கத்துக்கு மட்டும் ஐந்து பேரின் பெயர் ஏறி இறங்கியிருக்கிறது. மாமியின் மைத்துனி சுலைஹா மாமி பெருநாளைக்கு வட்டிலப்பம் அனுப்பினார், பெயர் ஏறியது. மாமி ஒரு கரண்டி வாயில் வைத்தார்.

"சீனி போட்டிரிக்கா. கருப்பட்டி இல்ல. அழிங்க."

"மாமி, ஒரு முடிவுக்கு வாங்களேன். தாள் கிழியப் போகுது."

"கிழிஞ்சா வேற தாள். நான் இரிக்கன்தானே."

ஒருமுறை எனக்கும் ஆசை வந்தது. பதினான்காம் இலக்கம், மண்ணிறத் தோள்பை. லைப்ரரிப் புத்தகம் நான்கு தாராளமாகக் கொள்ளும். வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டேன்.

"உங்களுக்கா? புத்தகத்தப் போட்டு வாரை அறுத்துப் போடுவீங்க. தர ஏலாது."

சரி. ஆக, அந்த நிரலில் என் பெயர் ஒருநாளும் இருந்ததில்லை. சுலைஹா மாமி இந்த இடத்தை இரண்டு தரம் வாசிக்க வேண்டும்.

இந்தப் புதன்கிழமை கூப்பிட்டார். இன்றைக்கு வெள்ளி இல்லையே என்று முணுமுணுத்துக்கொண்டுதான் போனேன். மறுநாள் எனக்கு டேர்ம் டெஸ்ட்.

"எல்லாரையும் அழிங்க."

"எல்லாரையுமா?"

"ஓம். இருபத்தொண்டையும். யோசிச்சி வெச்சிரிக்கன். வெள்ளிக்கிழம ஒரேயடியாச் சொல்றன். அண்டைக்குப் பேனையும் கொண்டாங்க."

"இதுதான் கடைசி மாமி. இனி என்னால ஏலாது."

கோபத்தில் அழுத்தி அழித்தேன். ஒரு எழுத்துக்கூட மிச்சமில்லை. எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது எனக்கு. அதுதான் என் பிரச்சினை.

நேற்று அடக்கம் முடிந்து வந்து மாமியின் மகன் கொப்பியைக் கேட்டார். "உம்மா எழுதி வெச்ச மாதிரியே குடுப்பம்" என்று எல்லோருக்கும் முன்னால் திறந்தார். கடைசி நிரல் வெறுமை.

"அழிச்சவக்குத் தன்ட பேரப் போட நேரம் கிடைக்கல்ல போல" என்றார் சுலைஹா மாமி. எனக்குக் கேட்கத்தான் சொன்னார்.

"தங்கச்சி, உங்களுக்கு ஞாபகம் இரிக்கும்தானே. நீங்களே எழுதுங்க" என்றார் மகன்.

ஞாபகம் இருக்கிறது. எந்த வெள்ளிக்கிழமையின் ஞாபகத்தை எழுத? அழிக்கச் சொன்ன பெயர்களை அவர் இல்லாத நேரத்தில் திரும்ப எழுத என்னால் முடியாது. "இல்ல நானா, எழுத ஏலாது" என்று மாமியின் மகனிடம் சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது.

பேக் எல்லாம் அலுமாரிக்குள் அப்படியே இருக்கின்றன. நாளை சனி. எது யாருக்கு என்று இத்தனை பேர் கேட்டீர்கள்... யார் காற்றாட வைப்பது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இன்று ஜும்ஆ முடிந்ததும் பழக்கத்தில் கொப்பியோடு மதிலடிக்குப் போய்விட்டேன். நீங்கள் சொன்னபடி பேனையும் கொண்டு போனேன், மாமி.

அல்லாஹ் உங்களுக்கு விசாலமான இடம் தரட்டும். ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போகத் தேவையில்லாத இடம்.