வரப்பெலியும் எங்கள் அம்மா வழியும்

ப்ராக் நகரத்தில் என் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் எலிக்குத் தீனி விற்கிறார்கள். பையில் ஒரு எலிப் படம். கன்னம் உப்பி, கண் மினுங்க, கல்யாண ஆல்பத்துக்கு நின்றதுபோல் இருக்கும். திண்டிவனம் கடைத்தெருவிலும் எலிப் படம் போட்ட பொட்டலம் உண்டு. அதில் எலி மல்லாந்து கிடக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

இங்கே ஓர் ஆய்வகத்தில், வரப்பில் வளை தோண்டும் எலியின் மைட்டோகாண்ட்ரியா மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிப்பது என் வேலை. செல்லுக்குள் தனியாகக் கிடக்கும் சின்ன வளையம் அது. பிள்ளைக்குத் தாயிடமிருந்து மட்டுமே வரும். “உங்கள் வீட்டில் எலிகள் உண்டா?” என்று கேட்டாள், கூட வேலை செய்யும் ஹானா. “ஏராளமாக” என்றேன். “எவ்வளவு அன்பான குடும்பம்!” என்று உருகிப்போனாள்.

அந்த அன்பை விடுமுறையில் ஊருக்குப் போனபோது பார்த்தேன். உரிய அனுமதியோடு, பெருமுக்கல் பக்கத்தில் எங்கள் கடலைக் கொல்லையிலேயே எலி பிடித்தோம். நைனா, அதாவது என் அப்பா, மண்வெட்டியால் வரப்பைப் பிளந்தார். வளைக்குள் ஒரு கூடை மல்லாட்டை, எங்கள் பக்கத்து நிலக்கடலை. நான் எலியின் வால்நுனியை வெட்டி ஸ்பிரிட்டில் போட்டதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

“இத்த ஒழிக்க மருந்து கண்டுபுடிப்பன்னு பாத்தா, நீ இன்னாடான்னா அதுக்கு ஜாதகம் எழுதிக்கினு இருக்க!”

ப்ராக் திரும்பி, முதல் முடிவு வந்த அன்று பேராசிரியர் என்னை அழைத்தார். “உன் எலி ஒரு மனிதர்” என்றார் சிரிக்காமல். ஒப்பிட்டுப் பார்த்தால், அந்த மனிதர் நான்தான். என் கைபட்டு, வால்நுனி மாதிரியில் என் மரபணு கலந்து கெட்டிருந்தது. மிச்சம் இருந்தது ஒரு துணுக்கு. அதுவும் கெட்டால் திட்டம் போச்சு, என் விசாவும் போச்சு.

அழுகையை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஃபோன் செய்தேன். “எலின்னு பாத்தா நம்ம வம்சமா வந்துச்சி?” என்று அம்மா திகைத்தாள். பின்னாலிருந்து நைனாவின் குரல்: “எதையும் தோண்டித் தோண்டிக் கேக்கறது உங்கம்மா வழியாச்சே!”

“அவிச்சி வெச்ச மல்லாட்டைய காலி பண்றது யார் வழியாம்?” என்றாள் அம்மா. அழ வந்தவள் சிரித்துவிட்டேன்.

இரண்டாம் முறை இரட்டைக் கையுறை, முகமூடி; மூச்சைக்கூடக் கடன் வாங்கியதுபோல் விட்டேன். வளையம் முழுசாக வந்தது. அசல் எலி! ஹானா கேக் வாங்கி வந்தாள்.

வீடியோவில் நைனாவைக் கூப்பிட்டேன். கொல்லையில் இருந்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், அவர் காலடி வரப்பிலிருந்து ஒரு எலி தலையை நீட்டியது. நைனா தடியை ஓங்கினார்.

“அடிக்கட்டுமா, வாணாமா? ஜல்தி சொல்லு!”

என் தோள்மேல் எட்டிப் பார்த்த ஹானா, “ஐயோ, என்ன அழகு!” என்றாள்.

“அடிங்க நைனா!” என்று தமிழில் கத்தினேன். அதே மூச்சில் செக் மொழியில் “நே! நே!”, வேண்டாம் வேண்டாம் என்றும் கத்தினேன்.

எலி அடுத்தவர் கொல்லைக்குள் ஓடிவிட்டது. ஓங்கிய தடியோடு நைனாவும், கேக் தட்டோடு ஹானாவும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.