முற்றத்து ஷூ தடம்

மீன் கால் முளைத்துக் கரையேறியதற்கு ஆதாரம் கண்டுபிடித்தவன் நான்தான். சரி, பொய். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். நான் கண்டுபிடித்தது அயிலை மீனுக்கு முழங்கை இல்லை என்பதை மட்டும்தான்.

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது, நாகர்கோவிலில் விலங்கியல் படித்த அத்தை மகன் போனில் ஒரு படம் காட்டினான். கல்லாகிப்போன பழைய சேறு. அதில் இடதும் வலதுமாகக் கால் தடங்கள். மீன் வம்சத்தில் வந்த ஏதோ ஒன்று நாலு காலில் நடந்ததாம். அந்தக் காலத்து மீன் சிலதுக்குத் துடுப்புக்குள்ளேயே நம் கை எலும்பு இருந்ததாம், மேலே ஒன்று, கீழே இரண்டு. மத்தியானம் சோற்றில் கிடந்த அயிலையைப் பிய்த்துப் பிய்த்துத் தேடினேன். முள்தான் இருந்தது. அம்மா ஏசினாள்.

தடம் என்றால் எங்கள் முற்றத்திலும் இருந்தது. அப்பா கொத்தனார். சவுதிக்குப் போகிற அன்றுகூடக் கை சும்மா இருக்காமல் முற்றத்துக்குச் சிமெண்ட் போட்டார். ஈரத்தில் மிதிக்க வந்த கோழியை விரட்டி விரட்டி ஏசியவர், சாயந்திரம் இரணியலில் ரயில் பிடிக்கப் புறப்பட்டபோது புது ஷூவோடு அவரே ஓரத்தில் மிதித்துவிட்டார். கொஞ்ச காலம் வெள்ளிக்கிழமைகளில் போன் வந்தது. பிறகு நின்றது. எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

அத்தை மகனை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். குந்தியிருந்து பார்த்தான். ஒரு தடம் ரோட்டைப் பார்த்து, அடுத்தது வீட்டைப் பார்த்து, அப்புறம் மறுபடி ரோட்டைப் பார்த்து.

"மாமா ஒருக்கா திரும்பி நின்னிருக்காருலே" என்றான்.

"கரையேறின மீனுக்க வம்சத்துல ஒண்ணாவது திரும்பக் கடலுக்குப் போச்சா அத்தான்?"

"போச்சுல்லா, திமிங்கலம். ஆனா அதுக்குக் கோடிக்கணக்குல வருஷம் ஆச்சு மக்கா."

எனக்கு நிம்மதியாகிவிட்டது. அந்தக் கணக்குக்கு அப்பா ஒன்றும் பிந்தவே இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் தடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். பேச்சுத்துணைக்குக் கோழி, அதுவும் சீக்கிரம் எழுந்து போய்விடும்.

அம்மா முற்றம் நிறையக் கோலம் போடுவாள், அந்த ஓரத்தில் மட்டும் போடமாட்டாள். குழியில் மாவு நிற்காது என்பாள். சரியான சோம்பேறி என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று முற்றத்துக்கு டைல்ஸ் ஒட்ட ஆள் வந்திருக்கிறது. இந்த இடத்தில் இன்னொரு பெரிய பொய் வைத்திருந்தேன். அதற்குள் அம்மா கூப்பிடுகிறாள்.

"மக்கா, இஞ்ச வா. அந்த ஓரத்துல மட்டும் ஒட்டாண்டாம்னு அவன்கிட்ட சொல்லு."